எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்50இ: ஆறு சிலிண்டர் இன்ஜினும் 25.7 யூனிட் பேட்டரியும்

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2023-ல் மேம்படுத்தி வெளியிட்ட எக்ஸ்5 எஸ்.யூ.வி. வரிசையில் பிளக்-இன் ஹைப்ரிட் வகையாக, அதாவது பெட்ரோல் இன்ஜினோடு வெளியிலிருந்து சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியும் கொண்டதாக, வந்தது எக்ஸ்டிரைவ்50இ. இதன் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் 313 குதிரைத்திறனையும், கியர்பாக்ஸுக்குள்ளேயே அமைந்த மின்மோட்டார் 197 குதிரைத்திறனையும் தருகின்றன. இரண்டும் சேர்ந்து இயங்கும்போது உச்சத் திறன் 489 குதிரைத்திறனாகவும் டார்க் எனப்படும் முறுக்கு விசை 700 நியூட்டன் மீட்டராகவும் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட 4.8 விநாடிகள் போதும். இந்த எண்களை மட்டும் படிப்பவர் இதை வேகத்துக்காகச் செய்யப்பட்ட வாகனம் என்று முடிவுகட்டிவிடக்கூடும். என் பார்வையில் இதன் உண்மையான மதிப்பு வேறோர் எண்ணில் இருக்கிறது. பேட்டரியில் ஓட்டுநர் பயன்படுத்தக்கூடிய அளவு 25.7 கிலோவாட்-மணி, அதாவது 25.7 யூனிட். தினமும் இரவில் அந்தப் பேட்டரியை நிரப்புகிறவருக்கு இது ஏறக்குறைய ஒரு மின்சாரக் கார். நிரப்பாதவருக்கு வெறும் சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடும் கனமான பெட்ரோல் கார். வாகனத்தின் அமைப்பை ஒவ்வொரு பகுதியாகப் பார்க்கும்போது இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

313-ஐயும் 197-ஐயும் கூட்டினால் 510 வர வேண்டும், ஆனால் நிறுவனம் 489 என்கிறது. இதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. இன்ஜின் தன் உச்சத் திறனைத் தரும் சுழற்சி வேகமும், மோட்டார் தன் உச்சத்தைத் தரும் சுழற்சி வேகமும் ஒன்றல்ல. இரண்டும் ஒரே தண்டைச் சுழற்றுவதால் ஒன்று உச்சத்தில் இருக்கும் நேரத்தில் மற்றொன்று அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஹைப்ரிட் வாகனங்களின் திறனைப் படிக்கும்போது நாமே கூட்டிப் பார்க்காமல், நிறுவனம் தரும் மொத்த எண்ணை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

மோட்டார் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதே இந்த வாகனத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. இன்ஜினுக்கும் எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் இடையில், சாதாரண ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினின் சுழற்சியைத் திரவத்தின் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும் இடத்தில், மோட்டார் அமர்ந்திருக்கிறது. அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு பிரிப்புக் கிளட்ச் உண்டு. கிளட்ச் திறந்திருக்கும்போது இன்ஜின் முழுவதுமாக ஓய்வில் இருக்க, மோட்டார் மட்டும் கியர்பாக்ஸைச் சுழற்றுகிறது. கிளட்ச் மூடினால் இரண்டும் ஒரே தண்டில் கைகோக்கின்றன. இந்த அமைப்பில் மோட்டாரின் திறனும் எட்டு கியர்களின் வழியாகவே சக்கரங்களுக்குப் போகிறது. அதனால் ஊருக்குள் மெதுவாக ஊரும் வேகத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் மோட்டார் தனக்கு ஏற்ற சுழற்சியில் இயங்க முடிகிறது. பெட்ரோல் ஒரு சொட்டும் செலவாகாமல் 140 கி.மீ. வேகம் வரை மின்சாரத்தில் மட்டுமே ஓட முடிவதற்கு இது முக்கியக் காரணம்.

இதற்குள்ளேயே இன்னொரு நுட்பம் இருக்கிறது. மோட்டாரின் இயல்பான டார்க் 280 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் அதற்கும் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டுக்கும் இடையில் ஒரு முன்-பற்சக்கரக் கட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் வழியாகக் கியர்பாக்ஸுக்குள் நுழையும்போது அந்த டார்க் 450 நியூட்டன் மீட்டராக உயர்ந்துவிடுகிறது. பெரிய மோட்டாரை வைத்தால் இடமும் எடையும் கூடும். சிறிய மோட்டாரை வேகமாகச் சுழல விட்டு, பற்சக்கரத்தால் அதன் முறுக்கைப் பெருக்கிக்கொண்டால் அதே வேலை குறைந்த இடத்தில் முடிந்துவிடும். இந்த ஒரு முடிவினால்தான் இரண்டரை டன்னுக்கு அருகில் வரும் வாகனம், இன்ஜினின் உதவியில்லாமலேயே சிக்னலில் இருந்து தயக்கமின்றிக் கிளம்புகிறது. முந்தைய 45இ வகையில் மோட்டார் 113 குதிரைத்திறன் கொண்டதாக இருந்தது. அதில் ஆக்ஸிலரேட்டரைச் சற்று ஆழமாக அழுத்தினாலே இன்ஜின் விழித்துக்கொண்டுவிடும். புதியதில் அந்த எல்லை வெகுதூரம் தள்ளிப் போயிருக்கிறது. இரண்டையும் ஓட்டியவர்கள் முதலில் உணரும் மாற்றம் இதுவாகத்தான் இருக்கும்.

மோட்டாரும் இன்ஜினும் கியர்பாக்ஸுக்கு முன்னால் இருப்பதால், கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் திறனை முன், பின் அச்சுகளுக்குப் பங்கிடும் எக்ஸ்டிரைவ் அமைப்பு இரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது. ஆகவே முழு மின்சார ஓட்டத்திலும் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உண்டு. இதை வால்வோ எக்ஸ்சி90 டி8 வாகனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் இன்ஜின் முன் சக்கரங்களையும் மின்மோட்டார் பின் சக்கரங்களையும் தனித்தனியே இயக்குகின்றன. இரு அச்சுகளையும் இணைக்கும் தண்டு கிடையாது. அந்த இடத்தில் பேட்டரியை வைத்துவிட முடிவதால் மூன்றாம் வரிசை இருக்கைகள் தப்பித்துக்கொள்கின்றன என்பது வால்வோவின் பெரிய ஆதாயம். ஆனால் முழு மின்சார ஓட்டத்தில் அது பின்சக்கர வாகனமாகவே இருக்கும். வழுக்கும் ஏற்றத்திலோ நனைந்த புல்தரையிலோ அமைதியாகக் கிளம்ப வேண்டியிருக்கும்போது எக்ஸ்5-ன் வழியே மேலானது. ஏழு பேர் பயணம் செய்ய வேண்டிய குடும்பத்துக்கு வால்வோவின் வழி மேலானது, ஏனெனில் எக்ஸ்5-ன் பிளக்-இன் வகையில் ஐந்து இருக்கைகளுக்கு மேல் கிடைக்காது.

இன்ஜினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதே எக்ஸ்5-ன் முதல் பிளக்-இன் வகையாக 2015-ல் வந்த 40இ-யில் இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. அதற்குப் பின்வந்த 45இ-யில்தான் நிறுவனம் நேர்வரிசை ஆறு சிலிண்டருக்கு மாறியது. எரிபொருள் சிக்கனத்துக்காக ஒரு வாகனத்தை ஹைப்ரிடாக மாற்றும்போது இன்ஜினைச் சிறிதாக்குவதுதானே முறை, பெரிதாக்குவானேன் என்று கேட்கலாம். அதற்கான விடை ஓட்டும்போது கிடைக்கிறது. பிளக்-இன் ஹைப்ரிடில் இன்ஜின் ஒரு பயணத்தில் பலமுறை நின்று மீண்டும் கிளம்புகிறது. அதுவும் மோட்டாரின் ஓசையற்ற ஓட்டத்தின் நடுவே கிளம்புகிறது. நேர்வரிசை ஆறு சிலிண்டரில் பிஸ்டன்களின் மேலும் கீழுமான விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் அதிர்வு இயல்பாகவே மிகக் குறைவு. நான்கு சிலிண்டரில் அப்படி அல்ல. சமன்செய்யும் தண்டுகள் இருந்தாலும், அமைதியிலிருந்து உயிர்பெறும் அந்தக் கணத்தில் ஒரு முரட்டுத்தனம் இருக்கையில் அமர்ந்திருப்பவரை எட்டிவிடும்.

எக்ஸ்5-ல் அந்தக் கணத்தைக் கூர்ந்து கவனித்தால் நடப்பது இதுதான். ஹைப்ரிட் நிலையில், நெடுஞ்சாலையில் சேரும் வளைவில் வாகனம் மோட்டாரால் மட்டும் வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது. வலது கால் இன்னும் சற்று இறங்குகிறது. திரையில் இன்ஜினின் சுழற்சியைக் காட்டும் கோடு பூஜ்யத்திலிருந்து ஒரே தாவலில் மேலே வருகிறது. எங்கோ தொலைவில் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. வாகனத்தின் வேகமெடுப்பில் இடறல் எதுவும் இல்லை, ஏனெனில் கிளட்ச் மூடி முடியும் வரை மோட்டார் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. கவனிக்காமல் இருந்தால் தெரியாமலேயே போய்விடும். விதிவிலக்காக ஒன்று உண்டு: மிதமான வேகத்தில் மின்சாரத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று அடிவரை அழுத்தினால், இன்ஜினை எழுப்புவதும் பல கியர்கள் கீழே இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியிருப்பதால் சிறு தாமதம் உணரப்படுகிறது. முந்திச் செல்ல நினைப்பவர் முன்கூட்டியே ஸ்போர்ட் நிலைக்கு மாற்றிக்கொண்டால் இன்ஜின் தயாராக இருக்கும்.

இனி பேட்டரி. அதன் மொத்தக் கொள்ளளவு 29.5 கிலோவாட்-மணி, அதில் 25.7 மட்டுமே ஓட்டுநரின் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. மீதி பேட்டரியின் ஆயுளுக்காக மேலும் கீழும் ஒதுக்கப்பட்ட பகுதி. 2015-ன் 40இ-யில் மொத்தமே சுமார் 9 கிலோவாட்-மணிதான் இருந்தது. பழைய ஐரோப்பியச் சோதனை முறையில் அதன் மின்சாரத் தூரம் 31 கி.மீ. இடையில் வந்த 45இ-யில் மொத்தக் கொள்ளளவு 24 கிலோவாட்-மணி. இப்போதைய 50இ-க்கு, முன்னதைவிடக் கண்டிப்பான, அதன் இடத்துக்கு வந்த டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறையிலேயே, பொருத்தப்படும் சக்கரம், வசதிகள் ஆகியவற்றைப் பொறுத்து 94 முதல் 110 கி.மீ. வரை மின்சாரத் தூரம் தரப்பட்டிருக்கிறது. எட்டே ஆண்டுகளில் ஒரே பெயர்கொண்ட வாகனத்தில் நிகழ்ந்த இந்த வளர்ச்சி, பிளக்-இன் ஹைப்ரிட் தொழில்நுட்பத்தைப் பழைய அனுபவத்தை வைத்து எடைபோடுவது ஏன் சரியல்ல என்பதைக் காட்டுகிறது.

ஆனால் 110 கி.மீ. என்ற எண்ணை வைத்து அன்றாடப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் இதே வாகனத்தின் மின்சாரத் தூரம் 60 கி.மீ.க்குச் சற்று மேலேதான் வருகிறது. இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் பெரும்பாலான ஓட்டுநர்களின் அனுபவம் அமையும். ஊருக்குள் நிதானமாக ஓடி, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஆற்றலை மீட்டுக்கொண்டால் ஐரோப்பிய எண்ணை நோக்கியும், நெடுஞ்சாலையில் 110, 120 என்று காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் அமெரிக்க எண்ணை நோக்கியும் நகரும். உயரமான, அகலமான உடலமைப்புக்கு வேகத்தில் காற்றுத் தடை கடுமையாகக் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடுங்குளிரில் கதகதப்புக்கும் கடும் வெயிலில் குளிர்ச்சிக்கும் அதே பேட்டரியே மின்சாரம் தருகிறது. கேபிள் இணைப்பில் இருக்கும்போதே, கிளம்புவதற்கு முன்பாகக் கேபினைக் குளிர்வித்தோ வெதுவெதுப்பாக்கியோ வைக்கும் வசதி இதில் இருக்கிறது. அதைப் பழக்கமாக்கிக்கொண்டால் அந்தச் செலவு பேட்டரியின் தலையில் விழாது.

ஆற்றலை மீட்பதைப் பற்றிச் சிலருக்கு மிகையான நம்பிக்கை உண்டு. அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டரை டன் எடை 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 0.27 கிலோவாட்-மணி. இழப்பே இல்லாமல் முழுவதையும் மீட்டாலும் ஒருமுறை நிற்பதனால் பேட்டரியில் ஒரு சதவீதம்தான் கூடும். ஊருக்குள் நூறு முறை நின்று கிளம்பும் ஓட்டத்தில் அந்தச் சிறு துளிகள் சேர்ந்து பொருளுள்ளதாகின்றன. நெடுஞ்சாலையில் அவற்றுக்கு இடமே இல்லை. மலைப்பாதையின் கணக்கு வேறு. அதே வாகனம் 500 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் ஏறக்குறைய 3.4 கிலோவாட்-மணி, அதில் ஒரு நல்ல பகுதி பேட்டரிக்குத் திரும்பும். மலைமேல் வீடு உள்ளவர் பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. அது பிரேக் தட்டுகளில் வெப்பமாகிப் போகும். அப்படிப்பட்டவர் கொஞ்சம் இடம் விட்டு சார்ஜ் செய்வதே அறிவார்ந்த வழி.

பிரேக் மிதியில் மின்சாரத் தடுப்பும் உராய்வுத் தடுப்பும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம் பெரும்பாலும் காலுக்குத் தெரிவதில்லை. முன்னால் செல்லும் வாகனத்தின் வேகத்தையும், வரைபடத்தில் வரவிருக்கும் வளைவுகளையும் சந்திப்புகளையும் பார்த்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்கும்போது எவ்வளவு மீட்பது என்பதை வாகனமே முடிவு செய்யும் தானியங்கி நிலையும் உண்டு. சாலை அறிந்த நண்பர் பக்கத்தில் அமர்ந்து வழிசொல்வதைப்போல அது பல இடங்களில் சரியாகவே கணிக்கிறது. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தடுப்பை எதிர்பார்க்கும் ஓட்டுநருக்கு அது பிடிக்காமல் போகலாம்.

வழிகாட்டியில் சேருமிடத்தைப் பதிவு செய்யாமல் ஓட்டுவது இந்த வாகனத்தைப் பாதி அறிவோடு ஓட்டுவதாகும். சேருமிடம் தெரிந்தால், பாதையில் எங்கே நெடுஞ்சாலை, எங்கே குடியிருப்புப் பகுதி, எங்கே நெரிசல் என்பதைக் கணக்கிட்டு, பேட்டரியில் உள்ளதை மின்சாரம் அதிகப் பயன் தரும் இடங்களுக்காக ஒதுக்கிவைக்கிறது. பயணத்தின் கடைசிப் பகுதி ஊருக்குள் இருந்தால் அதற்கான அளவை மிச்சம் பிடித்துவைத்து, இன்ஜினை நெடுஞ்சாலையிலேயே பயன்படுத்திக்கொள்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு மண்டலங்கள் உள்ள பல ஐரோப்பிய நகரங்களில், மண்டலத்தின் எல்லையைத் தாண்டியதும் தானாகவே மின்சார ஓட்டத்துக்கு மாறும் வசதியும் இருக்கிறது. பேட்டரியின் அளவை விரும்பிய நிலையில் பிடித்துவைக்கவும், தேவைப்பட்டால் இன்ஜினைக் கொண்டு அதை உயர்த்தவும் ஓட்டுநருக்கு உரிமை உண்டு. இரண்டாவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். பெட்ரோலை எரித்து, இன்ஜினில் பெரும்பகுதியை வெப்பமாக இழந்து, மிஞ்சியதை மின்சாரமாக்கி, பேட்டரியில் சேர்த்து, மீண்டும் மோட்டாருக்கு அனுப்பும் வழியில் ஒவ்வொரு படியிலும் இழப்பு இருக்கிறது.

சார்ஜிங்தான் இந்த வாகனத்தில் எனக்குக் குறையாகப் படும் இடம். முன்பக்க இடது ஃபெண்டரில் உள்ள மூடிக்குள் ஏ.சி. இணைப்பு, அதாவது வீட்டில் வரும் மாறுதிசை மின்சாரத்துக்கான இணைப்பு, மட்டுமே இருக்கிறது. உள்ளே உள்ள சார்ஜரின் உச்சம் 7.4 கிலோவாட். அந்த வேகத்தில் காலிப் பேட்டரி முழுவதும் நிரம்ப நாலேகால் மணி நேரம் ஆகும் என்கிறது நிறுவனம். 25.7-ஐ 7.4-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம்தான் வரும். மீதி நேரம் சார்ஜரின் இழப்புக்கும், நிரம்பும் தறுவாயில் வேகம் குறைவதற்கும் போய்விடுகிறது. வீட்டின் சாதாரணச் சுவர் பிளக்கிலிருந்து சுமார் 2.3 கிலோவாட் மட்டுமே எடுக்க முடியும் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். மாலையில் வந்து காலையில் கிளம்புகிறவருக்கே அது விளிம்பில் நிற்கும் கணக்கு. ஆகவே சுவரில் பொருத்தும் தனிச் சார்ஜர் இல்லாமல் இந்த வாகனத்தை வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

போட்டி வாகனங்களைப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் தெளிவாகிறது. மெர்சிடஸ்-பென்ஸ் ஜிஎல்இ 400இ-யில் 31.2 கிலோவாட்-மணி பேட்டரியும் 60 கிலோவாட் வரை டி.சி. (நேர்திசை மின்சார) வேகச் சார்ஜிங்கும் உண்டு. ரேஞ்ச் ரோவரின் பிளக்-இன் வகைகளில் 38.2 கிலோவாட்-மணி பேட்டரியோடு 50 கிலோவாட் டி.சி. இணைப்பு வருகிறது. போர்ஷே கயென் இ-ஹைப்ரிட் டி.சி.யை ஏற்காவிட்டாலும் 11 கிலோவாட் ஏ.சி. சார்ஜரைக் கொண்டிருக்கிறது. நெடும்பயணத்தில் பெட்ரோல் டேங்க் கைகொடுக்கும்போது வேகச் சார்ஜிங் எதற்கு என்ற நிறுவனத்தின் தரப்பில் நியாயம் இருக்கிறது. 69 லிட்டர் டேங்க் உள்ள வாகனம் நெடுஞ்சாலைச் சார்ஜரில் முழு மின்சாரக் கார்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது தேவையற்றதுதான். ஆனால் 11 கிலோவாட் ஏ.சி. கூட இல்லாததற்கு அந்த வாதம் பொருந்தாது. அலுவலகத்திலோ வணிக வளாகத்திலோ மூன்று மணி நேரம் நிறுத்தும்போது கிடைக்கும் மும்முனை மின்சாரத்தை இது முழுவதுமாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாமல் நிற்கிறது. இந்த விலைப் பிரிவில், இவ்வளவு பெரிய பேட்டரியோடு வரும் வாகனத்தில் அது இருந்திருக்க வேண்டும்.

இனி விவாதத்துக்கு உரிய எண்ணுக்கு வருவோம். டபிள்யூஎல்டிபி முறையில் இந்த வாகனத்தின் பெட்ரோல் செலவு 100 கி.மீ.க்கு ஒரு லிட்டரை ஒட்டி அறிவிக்கப்பட்டது. இரண்டரை டன் எடையும் மூன்று லிட்டர் இன்ஜினும் கொண்ட வாகனம் லிட்டருக்கு 100 கி.மீ. போகுமா என்று வியப்பவர்கள், அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். சோதனைக்கூடத்தில் முதலில் நிரம்பிய பேட்டரியோடு அது தீரும் வரை ஓட்டி ஓர் அளவும், தீர்ந்த பேட்டரியோடு ஓட்டி இன்னோர் அளவும் எடுக்கிறார்கள். பிறகு, வாகனத்தின் மின்சாரத் தூரம் இவ்வளவு என்றால் உரிமையாளர் தன் மொத்த ஓட்டத்தில் இவ்வளவு பங்கை மின்சாரத்தில் ஓட்டுவார் என்று சட்டம் வகுத்த ஒரு வளைகோட்டின்படி இரண்டையும் கலக்கிறார்கள். மின்சாரத் தூரம் நூறு கிலோமீட்டரை ஒட்டியிருந்தால் அந்தக் கலவையில் பெட்ரோலுக்குக் கிடைக்கும் பங்கு மிகச் சொற்பம். எனவே அந்த ஒரு லிட்டர் என்பது வாகனத்தின் குணத்தோடு உரிமையாளரின் பழக்கத்தைப் பற்றிய ஓர் அனுமானத்தையும் பெருக்கி வந்த விடை.

அந்த அனுமானம் எவ்வளவு தாராளமானது என்பது இப்போது தெரிந்துவிட்டது. வாகனங்களுக்குள்ளேயே பதிவாகும் எரிபொருள் அளவுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ல் பதிவான பிளக்-இன் ஹைப்ரிட் கார்களின் உண்மையான கார்பன் உமிழ்வு, அறிவிக்கப்பட்ட அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்காக இருந்தது. தூய போக்குவரத்தை ஆராயும் ஐ.சி.சி.டி. அமைப்பும் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், தனியார் உரிமையாளர்கள் தங்கள் ஓட்டத்தில் 45 முதல் 49 சதவீதத்தையும், நிறுவனம் கொடுத்த காரை ஓட்டுபவர்கள் வெறும் 11 முதல் 15 சதவீதத்தையும் மட்டுமே மின்சாரத்தில் ஓட்டியது தெரியவந்தது. பெட்ரோல் செலவை நிறுவனம் ஏற்க, மின்சாரச் செலவைத் தானே ஏற்க வேண்டிய ஓட்டுநர் கேபிளை டிக்கியிலிருந்து எடுக்காமலேயே விட்டுவிடுவதில் வியப்பில்லை. இதன் விளைவாக ஐரோப்பிய ஒன்றியம் அந்த வளைகோட்டைத் திருத்தியிருக்கிறது: 60 கி.மீ. மின்சாரத் தூரம் உள்ள வாகனத்துக்கு முன்பு 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கப்பட்டிருந்த மின்சாரப் பங்கு, 2025-ல் தொடங்கும் கட்டத்தில் 54-ஆகவும் 2027-ன் கட்டத்தில் 34-ஆகவும் இறங்குகிறது. வாகனம் மாறாமலேயே அதன் அறிவிக்கப்பட்ட அளவுகள் ஏறும் என்பதால், வெவ்வேறு ஆண்டுகளின் விவரக் குறிப்புகளை ஒப்பிடுகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர் பார்க்க வேண்டியது பேட்டரி தீர்ந்த பிறகான செலவைத்தான். அமெரிக்க முகமையின் மதிப்பீட்டில் அது 100 கி.மீ.க்குப் பத்தரை லிட்டரை ஒட்டி, அதாவது லிட்டருக்கு 9 முதல் 10 கி.மீ. வருகிறது. அன்றாடம் 50 கி.மீ. ஓட்டி இரவில் சார்ஜ் செய்பவர் வாரக்கணக்கில் பெட்ரோல் நிலையத்தின் பக்கம் போக வேண்டியிராது. வாரம் இருமுறை 400 கி.மீ. நெடும்பயணம் போகிறவருக்கோ ஒவ்வொரு பயணத்திலும் முதல் ஆறில் ஒரு பங்கு மட்டும் மின்சாரம், மீதியெல்லாம் பெட்ரோல். அப்படிப்பட்டவருக்கு இதே எக்ஸ்5-ன் டீசல் வகையே பொருத்தம். பேட்டரியின் எடையைச் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் ஓடுவதில் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை.

அந்த எடைக்கான விலை வேறு இடங்களிலும் கொடுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண எக்ஸ்5-ல் 650 லிட்டராக உள்ள டிக்கி இதில் 500 லிட்டராகச் சுருங்குகிறது. பின்னிருக்கைகளை மடித்தால் 1,720 லிட்டர். நான்கு பேரின் பெட்டிகளுக்கு அது போதும் என்றாலும், தரை சற்று உயர்ந்திருப்பதைக் கனமான பெட்டியைத் தூக்கிவைக்கும்போது உணரலாம். இழுவை வண்டிக்கான எல்லை 2,700 கிலோ. இந்த வகைக்கு இது பாராட்டத்தக்கது. இரு அச்சுகளிலும் காற்று சஸ்பென்ஷன் அடிப்படை வசதியாகவே வருவதால் கூடுதல் எடை பயணத்தின் சுகத்தைக் குலைப்பதில்லை. நீண்ட அலைகளாக வரும் மேடுபள்ளங்களை அது அழகாக விழுங்குகிறது. ஆனால் பெரிய சக்கரங்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கூர்மையான சாலை இணைப்புகளில் ஒரு தடால் ஓசை கேட்கும், மின்சாரத் தூரமும் குறையும். சிறிய சக்கரமே இந்த வாகனத்துக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. வளைவுகளில் உடல் சாய்வு கட்டுக்குள் இருக்கிறது; திசைமாற்றம் துல்லியமாக இருக்கிறது; வேகமாகத் திசை மாற்றும்போது மட்டும் எடை தன் இருப்பைத் தெரிவிக்கிறது.

உள்ளே 12.3 அங்குலமும் 14.9 அங்குலமும் கொண்ட இரண்டு திரைகள் ஒரே வளைந்த கண்ணாடிக்குக் கீழே வரிசையாக இருக்கின்றன. தெளிவிலும் வேகத்திலும் குறை சொல்ல இல்லை. ஆயினும் 2023-க்கு முன் இருந்த குளிர்சாதனப் பொத்தான்களை எடுத்துவிட்டு வெப்பநிலையைத் திரைக்குள் கொண்டுபோனது முன்னேற்றம் ஆகாது. ஓடும் வாகனத்தில் காற்றின் வேகத்தைக் குறைக்கக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. இருக்கைகள், ஒலித் தடுப்பு, பொருள்களின் தரம் ஆகியவை இந்தப் பிரிவில் எதிர்பார்க்கும் அளவில் இருக்கின்றன.

பெட்ரோல் நிரப்பும்போது நடப்பது முதல்முறை பார்ப்பவரைக் குழப்பும். நிலையத்தில் நின்றதும் மூடியை அழுத்தித் திறந்துவிட முடியாது. ஓட்டுநர் பக்கத்தில் உள்ள ஒரு பொத்தானை முதலில் அழுத்த வேண்டும். டேங்கைத் தயார் செய்துகொண்டிருப்பதாகத் திரையில் செய்தி வரும். சிறிது நேரம் காத்திருந்தால் தயார் என்று மாறி, அதன்பின் மூடி விடுபடும். சாதாரணக் காரில் டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியை ஒரு கரி வடிகட்டி பிடித்துவைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது அந்த ஆவி உறிஞ்சப்பட்டு எரிக்கப்படும். இன்ஜின் பல நாள் ஓடாமலே இருக்கக்கூடிய வாகனத்தில் அந்த வடிகட்டி நிரம்பி வழிந்துவிடும். அதனால் டேங்கையே அழுத்தம் தாங்கும்படி மூடி அடைத்துவைத்து, நிரப்புவதற்கு முன் அழுத்தத்தை வெளியேற்றுகிறார்கள். காத்திருக்கும் நேரம் அதற்குத்தான். பொறுமையிழந்து பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவதால் பயன் எதுவும் இல்லை.

ஆயுளைப் பற்றிய கவலைக்குப் பேட்டரியின் அளவே ஓரளவு பதிலாக இருக்கிறது. சிறிய பேட்டரியுள்ள பழைய பிளக்-இன் வாகனங்கள் ஒரே நாளில் இரண்டு முறைகூட முழுவதும் காலியாகி நிரம்பும். ஒருமுறை நிரப்பி 80 கி.மீ. ஓடினால், 1,60,000 கி.மீ. தூரத்தையும் மின்சாரத்திலேயே கடந்தாலும் 2,000 முழுச் சுற்றுகள்தான் ஆகின்றன. பேட்டரிக்கு நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதமும் எட்டு ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ. என்பதாகவே இருக்கிறது. இன்ஜினுக்குத்தான் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். பல நாள் ஓய்வுக்குப் பின் நெடுஞ்சாலையின் நடுவே, எண்ணெய் குளிர்ந்திருக்கும் நிலையில் அது எழுப்பப்படுகிறது; சில நிமிடங்கள் ஓடி, சூடேறுவதற்குள் அணைக்கப்படுகிறது. எரியாத பெட்ரோலும் ஈரமும் எண்ணெயில் சேர்வதற்கு இதைவிட ஏற்ற சூழல் கிடையாது. ஓடிய தூரம் குறைவாக இருக்கிறதே என்று எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போடாமல் கால அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். முழுக்க மின்சாரத்திலேயே ஓட்டுகிறவரும் மாதம் ஒருமுறையேனும் ஸ்போர்ட் நிலையில் அரைமணி நேர நெடுஞ்சாலை ஓட்டம் கொடுத்து இன்ஜினை நன்றாகச் சூடேற விட வேண்டும். டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் முழுவதுமாக நிரப்பி வைத்திருப்பதைவிட, கால் பங்கோ பாதியோ வைத்துக்கொண்டு அவ்வப்போது புதிதாக நிரப்புவதே இந்த வகை வாகனத்துக்கு நல்லது.